படகுக்கு ஒரு மண்டபம்

வீடு கட்டி முடித்த பிறகு மாட்டுக்கு ஒரு கொட்டில், வண்டிக்கு ஒரு கொட்டகை, விறகுக்கு ஒரு சார்ப்பு என்று சேர்த்துக்கொள்வது உலக வழக்கம். இவற்றைக் கட்டுவதற்குச் சிற்ப சாஸ்திரம் பயின்றவரை யாரும் வருந்தி அழைப்பதில்லை. நாலு மூங்கிலும் கொஞ்சம் ஓலையும் இரண்டு கூலியாட்களும் இருந்தால் வேலை முடிந்துவிடும். படகுக் கொட்டகையும் இந்த வரிசையைச் சேர்ந்ததுதான். மழையும் வெயிலும் படாமல் ஒரு படகை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் இங்கிலாந்தில் ஒரு சீமானுடைய தோட்டத்தில், அந்த நாட்டின் தலைசிறந்த கட்டடச் சிற்பிகளில் ஒருவர், இரண்டு படகுகள் நிற்பதற்கான இடத்துக்காகத் தமது முழுத் திறமையையும் செலவிட்டிருக்கிறார். டார்பி நகரத்துக்கு வடமேற்கே சுமார் 4 மைல் தூரத்தில் உள்ள கெடில்ஸ்டன் என்ற இடத்தில் அது இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்ற பின்னும் சிதையாமல் நிற்கிற அந்தச் சிறு கட்டடத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம். கெடில்ஸ்டனுக்கும் நமது தேச சரித்திரத்துக்கும் ஓர் உறவு உண்டு. அந்த உறவு அவ்வளவு இனிமையானதன்று. அதைப் பின்னால் சொல்லுவோம். முதலில் கட்டடத்தைப் பார்த்துவிடலாம்.

கெடில்ஸ்டன் கர்ஸன் வம்சத்தாரின் பரம்பரைப் பூமி. பல நூற்றாண்டுகளாக அவர்கள் அங்கே நிலைபெற்றவர்கள். 1758-ஆம் ஆண்டில் சர் நதானியல் கர்ஸன் என்பவர் பட்டத்துக்கு வந்தார். வயது முப்பத்திரண்டுக்குள், கையில் பணம், மனத்தில் ரோமாபுரி. தந்தையின் வீட்டை இடித்துவிட்டுப் புதிய மாளிகை ஒன்றை எழுப்பத் தீர்மானித்தார். முதலில் பிரெட்டிங்ஹாம் என்ற சிற்பியை அமர்த்தினார். பிறகு ஜேம்ஸ் பெயின் என்பவரை அழைத்தார். இவர்கள் மாளிகை வேலையைக் கவனிக்கட்டும், தோட்டத்தில் அமைய வேண்டிய சிறு சிறு கட்டடங்களை வரைந்து கொடுக்கட்டும் என்று மூன்றாவதாக ஓர் இளைஞரை அமர்த்தினார். அவர்தான் ராபர்ட் ஆடம்.

ஆடம் ஸ்காட்லாந்துக்காரர், 1728-இல் பிறந்தவர். சில வருஷ காலம் இத்தாலியில் தங்கி ரோமாபுரியின் இடிபாடுகளை அளந்து அளந்து படம் எழுதி, 1758-இல்தான் லண்டனுக்குத் திரும்பியிருந்தார். தோட்ட வேலைக்கு என்று வந்தவர் இரண்டே வருஷத்தில் மாளிகை வேலை முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். முந்தியவர்கள் இருவரும் மெல்ல விலகிக்கொண்டார்கள். சர் நதானியலும் 1761-இல் ஸ்கார்ஸ்டேல் பிரபு ஆனார்.

மாளிகையின் பெருமையை விவரிக்க நாம் முற்படவில்லை. அலபாஸ்டர் என்ற வரி ஓடிய மென்கல்லாலான 20 தூண்கள் தாங்கும் கூடம். ரோமாபுரியின் பாந்தியன் கோயிலை நினைவூட்டும் 62 அடி உயரக் கும்மட்டம். கான்ஸ்டண்டைன் சக்கரவர்த்தியின் வெற்றி வளைவைப் போன்ற தென்புற முகப்பு: இவற்றைப் பற்றிப் புத்தகங்கள் நிரம்ப உண்டு. 1777-இல் இம்மாளிகையைப் பார்வையிட்ட டாக்டர் ஜான்ஸன் மட்டும் சற்றும் மயங்கவில்லை. நீதிபதிகள் உட்கார்ந்து வழக்கு விசாரிப்பதற்குத் தூண் கூடமும், ஜூரிகள் கூடி ஆலோசிப்பதற்கு வட்ட மண்டபமும் மிகப் பொருத்தம், ஆகவே இது நல்ல நகர மண்டபம் ஆகும் என்ற கருத்தில் அவர் பேசினாராம். மனிதர் குடியிருக்கும் வீட்டைப் பற்றி இதைவிட நாசூக்காகக் குறை கூற முடியாது.

படகு மண்டபத்தைப் பற்றி அவ்விதம் யாரும் குறை கூறுவதற்கில்லை என்பது நமது அபிப்பிராயம்.

தோட்டத்தின் வழியாகக் கட்லர் ஓடை என்ற சிறு நீரோட்டம் செல்லுகிறது. முற்காலத்தில் அதை நேர்க்கோடான வாய்க்கால்களாகவும் சதுரக் குளங்களாகவும் வகுத்திருந்தார்கள். ஆடம் காலத்தில் நாகரிகம் மாறிவிட்டது. நீர்நிலை, மனிதன் வெட்டியது என்று தெரியாமல், இயற்கையே கிடத்தி வைத்தது போல வளைந்து நெளிந்து கிடக்க வேண்டும் என்பது புதிய ரசனை. ஆகவே ஓடையைத் தடுத்து நீண்ட ஏரிகளாகப் பரப்பினார்கள். ஏரியின் நடுவே மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம் ஒன்றை ஆடம் அமைத்தார். பாலத்தோடு சேர்ந்தே ஒரு கலிங்கும் உண்டு. மேல் ஏரியின் நீர் கலிங்கில் வழிந்து அருவியாகக் கீழே விழுகிறது. பார்ப்பவர்களுக்கு அது கண்ணுக்கு விருந்து. ஆனால் கலிங்கின் வேலை அழகு மட்டும் அன்று. கலிங்கின் உயரம் எவ்வளவோ, அதுவே மேல் ஏரியின் நீர்மட்டம். ஏரிப் பாசனத்தை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீர்மட்டம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருந்தால்தான் படகு மண்டபம் சாத்தியமாகும். ஏன் என்று சொல்லுகிறோம். மரப் படகைக் கரையில் இழுத்துப் போட்டு வைத்தால் வெயிலில் பலகைகள் சுருங்கி இணைப்புகள் பிளந்துகொள்ளும். மறுபடி நீரில் இறக்கினால் எல்லா இடுக்குகளிலும் நீர் புகும். திறந்த ஏரியிலேயே கட்டி வைத்தாலோ, மழைநீர் நிரம்பி உள்மரம் உளுத்துப்போகும். படகின் அடி நனைந்தபடியும் மேற்பாகம் உலர்ந்தபடியும் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, ஏரியின் நீரையே கட்டடத்துக்குள் வரவிட்டு, அதன்மேல் கூரை போடுவது. வளைவு வாயில் ஒன்று. அதன் வழியே நீர் உள்ளே செல்லுகிறது. நீரோடு படகும் செல்லுகிறது. ஏரி இரண்டடி வற்றினால் படகு தரைதட்டும். இரண்டடி பெருகினால் வாயிலுக்குள் நுழையவே முடியாது. பாலத்தடியில் கல்லில் கட்டிய கலிங்கு இந்த இரண்டு அபாயங்களையும் நீக்கிவிடுகிறது. பாலமும் கலிங்கும் மண்டபமும் 1770-ஐ ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில் ஒன்றாக எழுந்தவை. மண்டபம் 1772-இல் முடிந்தது.

கரைச் சரிவில் ஒட்டி அமைந்த கட்டடம் அது. ஏரியின் மட்டத்தில் ஒரு தளம். கரை மேட்டின் மட்டத்தில் அதற்கு மேல் ஒரு தளம். கரைப்பக்கமாக நடந்து வருகிறவர்களுக்கு அழகிய ஒற்றைத் தள மண்டபம் ஒன்று தெரிகிறது. ஏரிப்பக்கமாகப் படகில் வருகிறவர்களுக்கோ அதே கட்டடம் நீரிலிருந்து நேரே எழுந்த இரட்டைத் தள மாளிகையாகக் காட்சி தருகிறது. கீழ்த்தளத்தின் இரு பக்கங்களிலும் படகுகளுக்கான வளைவு வாயில்கள். ஒன்றுக்கொன்று அச்சு மாறாத இரட்டையர்கள்.

இரண்டு படகுச் சாலைகளுக்கும் நடுவே என்ன இருக்கிறது? குளிர்ந்த நீரில் மூழ்கிக் குளிப்பதற்கான கல் தொட்டி! நமக்கு இதில் வியப்பில்லை. விடியற்காலையில் ஆற்றில் மூழ்கி எழுவது நமது நாட்டில் பாட்டிமார்களுக்கும் பழக்கம். குளிர்நாட்டு ஆங்கிலேயருக்கு அது ஒரு பெரிய வைத்தியம். 1697-இல் சர் ஜான் பிளாயர் என்ற வைத்தியர், குளிர்ந்த நீரில் முழுகுவதனால் பல நோய்கள் நீங்கும் என்று நூல் எழுதினார். அதற்குப் பின் ஒரு நூறு ஆண்டுக் காலம் அங்கே பிரபுக்களின் தோட்டங்களில் குளிர்நீர்த் தொட்டிகள் பெருகின. ஸ்கார்ஸ்டேல் பிரபுவுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. தொட்டிக்கென்று தனிக்கட்டடம் எழுப்புவானேன், படகுகளின் நடுவில் இடம் வெறுமையாக இருக்கிறதே என்று ஆடம் எண்ணியிருக்க வேண்டும்.

தொட்டிக்கு மேலே, கட்டடத்தின் நடு மாடியில், மீன்பிடி அறை. இந்தக் கட்டடம் முழுவதற்கும் அந்த அறையின் பெயரே வழங்குகிறது. ஏரியைப் பார்த்த சுவரில் அகன்ற சாளரம் ஒன்று உண்டு. அதன் நடுப்பகுதி அகலமாகவும் தலையில் வளைவுடனும் இருக்கும். அதன் இரு புறமும் குறுகலான, தட்டையான தலையுடைய இரு பகுதிகள் துணை நிற்கும். வெனிஸ் நகரத்துச் சாளரம் என்று இதற்குப் பெயர். இத்தாலியச் சிற்பிகள் இருநூறு ஆண்டுக் காலமாகக் கையாண்டு வந்த வடிவந்தான். மற்றவர்கள் அதை மாளிகை முகப்புக்கு ஆபரணமாக வைத்தார்கள். ஆடம் அதற்கு ஒரு வேலை கொடுத்தார். சீமாட்டிகள் அந்தச் சாளரத்தின் அருகில் நின்றபடியே தூண்டிலை ஏரியில் வீசி மீன் பிடிக்கலாம்! வெயில் பட்டால் மேனி நிறம் கெடுமே என்ற கவலையும் இல்லை. சேற்றில் கால் வைக்க வேண்டிய சங்கடமும் இல்லை. உள்ளே கடலையும் மீனையும் நினைவுபடுத்தும் சுதை வேலைகளையும் சித்திரங்களையும் அமைத்தார்கள். தூண்டிலில் ஒன்றும் சிக்காத நாளிலும் சுவரில் மீன் இருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றுகிறது, நாமும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடிந்த பின் கட்டடத்தின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நடுவில் உயர்ந்த பாகத்தில் அறை. அதற்கு அகன்ற வெளிச்சம் தேவை, ஆகவே பெரிய சாளரம். அதன் கீழே குளிக்கும் இடம்; அதற்கு மறைவு தேவை, ஆகவே கனத்த சுவர். இரு பக்கத்திலும் படகுகள். அவற்றுக்கு வாயில் தேவை, ஆகவே வளைவுகள். தலைக்கு மேல் ஒரு முக்கோண முகப்பு. ரோமாபுரிக் கோயிலின் சாயலாக நமக்குத் தோன்றுவது முழுவதும் படகு, குளியல், தூண்டில் என்ற மூன்று சாதாரணத் தேவைகளிலிருந்து பிறந்தது. எந்த வளைவையும் அடைத்துவிட முடியாது. எந்தத் தூணையும் வெறும் ஜம்பம் என்று சொல்ல முடியாது. மாளிகையின் கூடத்தில் உள்ள 20 தூண்களையும் விட இந்த ஒரு சாளரத்துக்காக ஆடமை நாம் மதிக்கிறோம்.

மதிப்பு ஒரு புறம் இருக்க, அந்த ஏரிக்கரையில் நின்று கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. அந்தத் தோட்டத்தில் முன்பு ஒரு கிராமம் இருந்தது. மாளிகையின் காட்சிக்கு அது இடைஞ்சலாக இருந்தமையால் ஊரையே அகற்றிவிட்டார்கள். போக்குவரத்துப் பாதையையும் விலக்கி வேறு வழியாகத் திருப்பினார்கள். பழைய தேவாலயம் ஒன்றுதான் அகற்றப்படாமல் மாளிகையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இப்படி ஊர்கள் காலியாவதை நினைந்து கவி கோல்ட்ஸ்மித் 'கைவிடப்பட்ட கிராமம்' என்ற காவியத்தை வெளியிட்டது 1770-இல். படகு மண்டபத்துக்கு அஸ்திவாரம் போட்ட வருஷமும் அதுவே. கவி கெடில்ஸ்டனைக் குறித்துப் பாடவில்லை. ஆயினும் அங்கு வீடிழந்த குடும்பங்களுக்கு அந்தக் காவியம் புதிய செய்தி எதையும் சொல்லியிராது.

அதே 1770-ஆம் ஆண்டு வங்காளத்துக்கும் மறக்க முடியாத ஆண்டு. கம்பெனி ஆட்சியின் கீழ் இருந்த அந்த மாகாணத்தில் பெரும் பஞ்சம் பரவியது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மடிந்தது என்று வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-இல் மதிப்பிட்டார். கெடில்ஸ்டன் ஏரியில் செலவழித்த பணம் வங்காளத்திலிருந்து வந்தது என்று நாம் சொல்லவில்லை. கர்ஸன் வம்சத்தார் உள்நாட்டு நிலச் சொந்தக்காரர்கள். ஆனால் அந்த வீட்டுக்கும் வங்காளத்துக்கும் உறவு ஏற்படுவதற்கு அதிக காலம் செல்லவில்லை.

1799-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே வருஷம் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு, கல்கத்தாவில் தமக்கு ஓர் அரண்மனை எழுப்பத் தொடங்கினார். திட்டம் வகுத்தவர் வங்காள எஞ்சினீயர் படையைச் சேர்ந்த சார்லஸ் வையட். அவருடைய குடும்பத்தவரான ஸாமுவேல் வையட் என்பவர் முன்பு கெடில்ஸ்டனில் ஆடமின்கீழ் வேலைகளை மேற்பார்த்தவர். ஆகவே கெடில்ஸ்டன் மாளிகையின் திட்டமே கல்கத்தா அரண்மனைக்கு மாதிரி ஆயிற்று. நடுவில் பெரிய கட்டடம். அதிலிருந்து வளைந்து செல்லும் தாழ்வாரங்கள். அவற்றின் நுனியில் தனித்தனிப் பகுதிகள். கெடில்ஸ்டனில் நான்கு பகுதிகள் திட்டமிட்டு இரண்டையே கட்டினார்கள். கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. அங்கே அலபாஸ்டர்த் தூண்கள் நின்ற இடத்தில் இங்கே சுண்ணாம்புச் சாந்து பூசிய தூண்கள். 1803-இல் வேலை முடிந்தது. செலவைக் கண்டு லண்டனில் கம்பெனி டைரெக்டர்கள் முகம் சுளித்தார்கள்.

இப்படி மாளிகை கடல் கடந்து வந்தது. படகு மண்டபத்தை வளர்த்த புத்தி மட்டும் கூட வரவில்லை. கல்கத்தா அரண்மனையில் சமையலறைக்கே இடம் விடவில்லை! அது வெளியே எங்கேயோ இருந்தது. உணவு அங்கிருந்து சுமந்து வரப்படும். 1880-க்குப் பின் வைஸ்ராயாக இருந்த டப்ரின் பிரபுவின் மனைவியார், சமையலறை கல்கத்தா நகரத்தில் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது, இந்த வீட்டில் மட்டும் இல்லை என்ற பொருள்பட எழுதி வைத்திருக்கிறார். இரண்டு படகுக்கும் ஒரு தொட்டிக்கும் அத்தனை யோசனை செய்த மரபு, ஒரு சாம்ராஜ்யத்தின் தலைமை வீட்டில் ஆறிப்போன சோற்றை உண்ண வைத்தது.

கெடில்ஸ்டனில் 1859-இல் ஒரு குழந்தை பிறந்தது. ஜார்ஜ் நதானியல் கர்ஸன் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தக் குழந்தை அந்த ஏரிக்கரையிலேயே வளர்ந்து, 1899-இல் இந்திய வைஸ்ராயாகிக் கல்கத்தாவுக்கு வந்து, தன் பிறந்த வீட்டின் பிரதியிலேயே குடியேறியது. இந்த ஒற்றுமையை அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டதுண்டு. கர்ஸன் பிரபுவுக்குப் பழைய கட்டடங்களில் இருந்த பற்று உண்மையானது. 1904-இல் புராதனச் சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியவர் அவர். தாஜ்மகாலைச் சீர்ப்படுத்துவதில் அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை மறைப்பது நியாயமன்று. கல்லைப் பிளவாமல் காக்கத் தெரிந்த அதே கை, மறு வருஷம், 1905-இல், வங்காளத்தை இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிரிவினையிலிருந்து சுதேசி இயக்கம் பெரு நெருப்பாக மூண்ட கதையையும், 1911-இல் பிரிவினை ரத்தான கதையையும் வாசகர்கள் அறிவார்கள்.

1925-இல் இறந்த அவர், கெடில்ஸ்டனில் கிராமம் அகற்றப்பட்டபோது எஞ்சி நின்ற அதே தேவாலயத்தில் மனைவியின் அருகில் அடக்கமாயிருக்கிறார். கீழ்நாடுகளில் அவர் சேகரித்த பொருள்கள் மாளிகையில் ஒரு காட்சிசாலையாக இருக்கின்றன. 1903-இல் டில்லி தர்பாரின்போது அவர் மனைவியார் அணிந்த மயிற்பீலி உடுப்பும் அங்கே இருக்கிறது. ஜரிகையாலும் பொன்வண்டின் இறக்கைகளாலும் அதை இழைத்தவர்கள் நம் நாட்டுக் கைவேலைக்காரர்கள். அவர்கள் பெயர்கள் மட்டும் அங்கே விளங்கவில்லை.

கல்கத்தா அரண்மனையின் பிற்காலக் கதையும் சுவையானது. 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி, வங்க மக்கள் திரள்திரளாக அதனுள் புகுந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார்கள். அன்றுமுதல் மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக அங்கே வாழ்ந்தவர் நம் ராஜாஜி. கெடில்ஸ்டனின் சாயலில் கட்டிய கூடங்களில், சேலத்து வக்கீல் ஒருவர் கதர் வேஷ்டியுடன் நடமாடினார்.

கெடில்ஸ்டன் மாளிகை 1987-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பொதுஸ்தாபனத்தின் வசமாயிற்று. இன்று சீமானுடைய அனுமதியின்றி, சீட்டு வாங்கிய எவரும் தோட்டத்துக்குள் செல்லலாம். போகிறவர்கள் பெரும்பாலும் நேரே மாளிகைக்குத்தான் போகிறார்கள். நம் வாசகர்களில் யாரேனும் அந்தப் பக்கம் செல்ல நேர்ந்தால், முதலில் ஏரிப்பக்கம் இறங்கி, எதிர்க்கரையில் சற்று நேரம் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறோம். காற்றில்லாத வேளையாக இருந்தால் நல்லது. நீரில் தலைகீழாக விழும் மண்டபத்தின் நிழலில், படகு வாயிலின் அரைவட்ட வளைவும் அதன் பிம்பமும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரியும்.